லாரி ஓட்ட வயது மட்டும் போதுமா?

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்கு மேற்கே தென்காசி. அதற்கப்பால் புளியரை மலைப்பாதை. அவ்வழியே கேரளத்துக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கண்டு ஆசை கொண்ட பழைய மாணவன் ஒருவன், "ஸார், எனக்குப் 18 வயதாகிவிட்டது, லாரி பழகலாமல்லவா?" என்றான்.

"பொறு, தம்பி!" என்றேன்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதில் கிடைப்பது கார் முதலிய இலகு வண்டிக்கான லைசென்ஸ்தான். அதை ஒரு வருஷமேனும் வைத்திருந்து, 20 வயதும் நிரம்பியவனுக்கே லாரி பழக அனுமதி உண்டு. வைத்தியர் சான்றும் வேண்டும். பழகும்போது வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும்; பக்கத்தில், அவசியமானால் வண்டியை நிறுத்தக்கூடியவாறு, லைசென்ஸ் பெற்ற ஆசான் அமர வேண்டும். பரீட்சை 30 நாள் கழிந்த பிறகே.

எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டுமென்ற விதி 2019-இல் நீங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு நன்மைதான். ஆயினும், மலை வளைவில் நிற்கும் எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரிய வேண்டாமா? சட்டம் விட்டுவிட்ட அந்தப் பொறுப்பு இனி எம்போன்ற உபாத்தியாயர்களுடையதே.