உங்களுக்குத் தெரியுமா? முரட்டுக் கன்றும் நெற்றிச் சுழியும்

▪ மாடு பிடிக்கும்போது சுழி பார்ப்பது நம் வழக்கம். 1995இல் அமெரிக்காவில் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டின் குழு வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்மட்டத்துக்கு மேலே உள்ள மாடுகள் அடைத்து நிறுத்தும்போது அதிகம் திமிறின.

▪ நேர் பின்னால் நிற்பவர் மாட்டின் கண்ணுக்குத் தெரியமாட்டார், மிரண்டு உதைக்கும். பக்கவாட்டில் குரல் கொடுத்தபடி நெருங்குங்கள்.

▪ தனியே வளர்ந்த காளைக்கன்று, பெரிதானதும் ஆளைப் போட்டியாக எண்ணி முட்டலாம். மற்ற கன்றுகளோடு சேர்த்து வளருங்கள். விளையாட்டுக்குக்கூட அதன் நெற்றியைத் தள்ளாதீர்கள்.

▪ சித்தூர் மாவட்டத்தின் சொந்த இனம் புங்கனூர் குட்டை மாடு. சுமார் ஒரு மீட்டர் உயரம், சாதுவான குணம். பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதைப் பாதுகாக்கிறது.