தறியும் மூலதனமும்

கல்முனைக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த மருதமுனை, கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். முதலாளித்துவம் என்பது யாது என வினவும் மாணவர், தடித்த நூல்களைப் புரட்டுமுன் அங்குள்ள தறியொன்றின் அருகே சிறிது நேரம் நிற்பது நலம்.

கார்ல் மார்க்ஸ் 1867ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மூலதனம்’ என்னும் பெருநூலின் முதல் அத்தியாயத்திலேயே கைத்தறி நெசவாளர் இடம்பெறுகின்றனர். இங்கிலாந்தில் விசைத்தறி புகுந்தபின், அதே அளவு நூலைத் துணியாக்க முன்னைய உழைப்பில் ஏறக்குறையப் பாதியே போதுமானதாயிற்று. கைத்தறியாளர் முன்போலவே உழைத்தனர். அவர்தம் கைத்திறனும் குன்றவில்லை. ஆயினும் அவர்களது ஒரு மணி நேர உழைப்பு, அரை மணி நேர உழைப்பாகவே மதிக்கப்பட்டது. பண்டத்தின் பெறுமதியைத் தனியொருவர் சிந்தும் வியர்வை தீர்மானிப்பதில்லை. அதனை ஆக்கச் சமுதாயத்திற்குச் சராசரியாகத் தேவைப்படும் நேரமே தீர்மானிக்கிறது என்பது மார்க்ஸின் முடிபு.

இலங்கைக் கைத்தறியாளரும் இதனை அனுபவத்தில் அறிந்தனர். 1977ஆம் ஆண்டு திறந்த பொருளாதாரக் கொள்கை வந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, வெளிநாட்டு ஆலைத் துணிகள் மலிவாக வந்து குவிந்தன. கையால் நெய்த துணி அவற்றோடு விலையிற் போட்டியிட இயலாது திணறியது.

இனி மற்றொரு வினா. வீட்டிலே தறி இருந்தால் நெசவாளர் முதலாளி ஆகிவிடுவாரா? நூலும் சாயமும் வாங்கக் கையிற் பணமில்லையெனின், வணிகர் தரும் நூலைக் கூலிக்கு நெய்து துணியை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். தறி தமதாயினும் துணி தமதன்று. எட்டு மணி நேரம் நெய்பவர், தம் கூலிக்கு ஈடான பெறுமதியை ஐந்து மணி நேரத்தில் ஆக்கிவிடுகிறார் எனக் கொள்வோம். எஞ்சிய மூன்று மணி நேரத்தின் பயன் நூல் கொடுத்தவரைச் சேரும். இதுவே உபரிப் பெறுமதி. மூலதனம் வெறும் பணமோ பொறியோ அன்று, மனிதரிடையே அமைந்த ஓர் உறவு என்பது இதனாற் புலப்படும்.

கேள்வியும் நிரம்பலுமே விலையை நிர்ணயிக்கின்றன என்று மார்க்ஸை மறுக்கும் பொருளியலாளர் பலர் உளர். கைவேலைப்பாட்டை விரும்பிக் கூடுதல் விலை கொடுப்போரும் உண்டு. மாணவர் இரு பக்க வாதங்களையும் கற்றல் வேண்டும். மார்க்ஸும் பொறியைப் பகைத்தாரல்லர். பொறி வேறு, இலாபத்திற்காக அதனைக் கையாளும் முறை வேறு எனப் பிரித்தே காட்டினார்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை மருதமுனையில் தறிகளையும் விட்டுவைக்கவில்லை. இழந்த தறியை மீண்டும் நாட்டலாம். ஆனால் நூலுக்கு முதல் போடுபவர் யார், துணிக்கு விலை கூறுபவர் யார் என்பவை மாறாவிடின் நெசவாளர் நிலையும் மாறாது. நூலைக் கூட்டாக வாங்கித் துணியைக் கூட்டாக விற்கும் கூட்டுறவுச் சங்கம் இக்கணக்கைத் திருத்த வல்லது. கடையில் ஒரு சாரத்தை விரித்துப் பார்க்கும்போது, அதன் விலையில் நெய்தவர் பங்கு எவ்வளவு என்று கேட்டறிவோமாக. பொருளியற் கல்வியின் முதற்பாடம் அதுவே.