வெளிநாட்டில் கைப்பேசி: செலவு குறையட்டும், தொடர்பு அறுபட வேண்டாம்

மகன் அல்லது மகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்குவதற்காகச் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் இதய நோயாளிகள், புறப்படும் முன் மருந்துப் பட்டியலையும் மருத்துவச் சான்றிதழையும் தவறாமல் கேட்டுப் பெறுகின்றனர். கைப்பேசியைப் பற்றிப் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. கட்டணத்திற்கு அஞ்சி அதை அணைத்தே வைத்துவிடுவோரும் உண்டு. அனைவரும் பணிக்குச் சென்றுவிட்ட பகற்பொழுதில் நெஞ்சுவலி வந்தால், உதவிக்கு ஆள் அழைக்கக் கைப்பேசியே துணை. ஆதலின் அதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும்.

இந்திய சிம் அட்டை

நம் நாட்டு சிம் அட்டையை வெளிநாட்டில் பயன்படுத்துவதே ரோமிங். அதற்குரிய திட்டம் இல்லாவிடில், நாம் அழைப்பதற்கு மட்டுமன்றி, நமக்கு வரும் அழைப்பை ஏற்பதற்கும் கட்டணம் உண்டு. நாம் தொடாதபோதும் கைப்பேசி தானாகவே இணையத்தைப் பயன்படுத்துவதால் டேட்டா கட்டணம் மளமளவென ஏறும். எனவே விமானம் ஏறும் முன்பே ‘டேட்டா ரோமிங்’ வசதியை நிறுத்திவிடுங்கள். ஆனால் அட்டையைக் கழற்றிவிட வேண்டாம். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கே வரும். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ரோமிங் சேவை இயக்கத்தில் உள்ளதா, திரும்பும் நாள்வரை ரீசார்ஜ் செல்லுபடியாகுமா என்பதை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்.

உள்ளூர் இணைப்பு

நெடுநாள் தங்குவோருக்கு அந்நாட்டு ப்ரீபெய்டு சிம் அட்டையே சிக்கனமானது. சிங்கப்பூரில் அதை வாங்கக் கடவுச்சீட்டு தேவை. அமெரிக்காவில், பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தில் மேலும் ஓர் இணைப்பாகச் சேர்ந்துகொள்வது பல நேரங்களில் மலிவாக அமையும்.

புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளக்கூடிய இ-சிம் வசதியானதே. எனினும், பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்களில் பல, டேட்டா மட்டுமே தருபவை. அழைப்பதற்கான எண் அவற்றில் இராது. ஆம்புலன்ஸை அழைக்க அவற்றை நம்பியிருத்தல் கூடாது. நோயாளிகள் குரல் அழைப்பும் அடங்கிய திட்டத்தையே கேட்டு வாங்க வேண்டும்.

கைப்பேசியின் வயதும் முக்கியம். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜி சேவையையும் மூடிவிட்டன. ஆகவே பழைய பொத்தான் கைப்பேசியில் புதிய அட்டையைப் போட்டாலும் சிக்னல் கிடைக்காமல் போகலாம். உங்கள் கைப்பேசியில் அந்நாட்டுச் சேவை வழியே பேச இயலுமா என்பதைப் பிள்ளைகள் மூலம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்

புதிய அட்டையைப் போட்டதும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வழக்கம்போல் உங்களைத் தொடர்புகொள்ளலாம். வீட்டு வைஃபை வழியே தனிக் கட்டணமின்றிப் பேசலாம். ஆனால் வாட்ஸ்அப் மூலம் ஆம்புலன்ஸை அழைக்க இயலாது.

அவசர வேளையில்

ஆம்புலன்ஸ் எண் சிங்கப்பூரில் 995, அமெரிக்காவில் 911. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் முதலில் அந்த எண்ணை அழையுங்கள். பிள்ளைகளை அதன் பின்னர் அழைக்கலாம். தங்கியிருக்கும் வீட்டின் முழு முகவரி, நோய் விவரம், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கைப்பேசி உறையினுள் வையுங்கள்.

நமது மருத்துவமனையின் எண்ணை +91 என்னும் குறியீட்டுடன் பதிந்துகொள்ளுங்கள். 1800 எனத் தொடங்கும் இந்தியக் கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே பயணக் காப்பீட்டு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கெனத் தந்துள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்று சேர்ந்த முதல் நாளே புதிய எண்ணிலிருந்து மகனையோ மகளையோ ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அவர்களையும் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். இரு அழைப்புகளும் கிடைத்த பின்னரே, பகலில் வீட்டில் தனித்திருக்கலாம்.