விதையில் வராத பெப்பர்மின்ட்

பெப்பர்மின்ட் என்றால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மிட்டாய்தான். அந்தச் செடியையே வளர்த்துக் காட்டலாமே என்று, இங்கே தில்லியில் ஒரு கடையில் ‘பெப்பர்மின்ட் விதை’ என்று போட்டிருந்த பொட்டலத்தை வாங்கி வந்து தொட்டியில் தூவினேன். முளைத்தது என்னவோ புதினாதான். ஆனால் கிள்ளி வாயில் போட்டால் சட்னி வாசனை. அந்தச் ‘சில்’லென்ற குளிர்ச்சி இல்லை!

காரணம் பிறகுதான் புரிந்தது. பெப்பர்மின்ட் ஒரு கலப்புச் செடி. ஸ்பியர்மின்ட் எனப்படும் சட்னிப் புதினாவும், ஐரோப்பாவில் நீரோரம் வளரும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்தது. முன்னதற்குக் குரோமோசோம்கள் 48, பின்னதற்கு 96. பிள்ளைக்குப் பெரும்பாலும் 72. அவை சரியாக ஜோடி சேராததால் விதை பிடிப்பது மிக அபூர்வம். தரையோடு ஓடும் தண்டுகளால்தான் இது பரவுகிறது.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் கிடைத்த இச்செடியை 1696-இல் ஜான் ரே தம் நூலில் குறித்தார். 1753-இல் லின்னேயஸ் இதைத் தனி இனம் என்றே எண்ணிப் பெயரிட்டார். கலப்பு என்பது பின்னால் தெரிந்த உண்மை.

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து செல்லும் அன்பர்கள் ஓடைக்கரை, வாய்க்கால் ஓரம், ஈரமான சாலையோரங்களில் தேடலாம். கோடைக் கடைசியில் பூக்கும்போது அடையாளம் காண்பது எளிது. நீர்ப்புதினாவின் பூ தண்டின் நுனியில் உருண்டையாக இருக்கும். ஸ்பியர்மின்ட்டின் பூங்கதிர் மெலிந்து கூராக இருக்கும்; இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். பெப்பர்மின்ட் இரண்டுக்கும் நடுவில்: கதிர் தடித்து நீண்டிருக்கும், இலைக்குக் காம்பு உண்டு, தண்டில் பெரும்பாலும் கருஞ்சிவப்புச் சாயல். கசக்கி முகர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆனால் ஆடு மாடு மேயும் நீரோரத்தில் பறித்ததைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். ஈரல் புழு தொற்றக்கூடும்.

நம் உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கிப் பக்கம் மென்தால் எண்ணெய்க்காக ஏக்கர் கணக்கில் பயிராவதும் புதினாதான். ஆனால் அது வேறு இனம்.

ஆகவே, பெப்பர்மின்ட் வளர்க்க விரும்புவோர் விதைக்குக் காசு கொடுக்காதீர்கள். நாற்றுப் பண்ணையில் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, கணுவோடு ஒரு தண்டு கேட்டு வாங்குங்கள். ஈர மண்ணில் ஊன்றினால் சில நாளில் வேர் பிடித்துவிடும். என் தொட்டியில் இப்போது இருப்பது அப்படி வந்ததுதான்.