மகாவலியோடு ஒரு யாத்திரை

மகாவலி கங்கை எங்கே தோன்றி எங்கே கடலிற் கலக்கிறது என்று கேட்டால், நம் மாணவர் பலர் மனப்பாடமாக விடை கூறுவர். ஆயினும் 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்நதி அவர்களுக்குத் தேசப்படத்தில் ஒரு நீலக்கோடு மட்டுமே. அக்கோட்டுக்கு உயிரூட்ட இன்று ஒரு வழி உண்டு.

2005ஆம் ஆண்டில் வெளிவந்த கூகிள் ஏர்த், செய்மதிப் படங்களால் உலகைக் கணினித் திரையிற் காட்டுவது. அதன் இணையப் பதிப்பில் 2019 முதல் ஆசிரியரும் மாணவரும் தாமே தேசப்பட யாத்திரை அமைக்கலாம். செய்முறை எளிது. புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கி, வேண்டிய இடங்களைத் தேடிக் குறியிடுதல் வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் தலைப்பு, படம், சில வரிக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்க்கலாம். இடத்தை எக்கோணத்திலிருந்து காட்டுவது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். குறிகளை வரிசைப்படுத்திவிட்டால், காட்சி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பறந்து செல்லும்.

மகாவலிக்கு ஐந்து தரிப்புகள் போதும்: மலைநாட்டு ஊற்றுப்பகுதி, நதி வளைந்து சூழும் பேராதனைப் பூங்கா, 1976இல் நீரை வடக்கே திருப்பிய பொல்கொல்லை அணை, விக்டோரியா அணை, ஈற்றில் கொட்டியாரக் குடா.

விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமானது, 1985இல் திறக்கப்பட்டது. மேலிருந்து நோக்கின் அங்கே அழகிய நீர்ப்பரப்பே தெரியும். பழைய தெல்தெனிய நகரம் அந்நீரில் மூழ்கிய கதையைப் படம் தானாகச் சொல்லாது. மின்சாரமும் பாசன நீரும் யாருக்குக் கிடைத்தன? வீடும் வயலும் யார் இழந்தனர்? இவ்வினாக்களை ஆசிரியர் குறிப்பில் எழுதும்போதே காட்சி பாடமாகிறது. வினாவில்லாத யாத்திரை வெறும் வேடிக்கையே.

முடிந்த யாத்திரையை இணைப்பு வழியாகப் பிறருக்கு அனுப்பலாம். பொதுவில் அனுப்பும்போது பார்க்க மட்டுமே அனுமதி கொடுத்தல் நன்று. திருத்தவும் அனுமதித்தால் பிறர் கை பட்டுப் பாடம் குழம்பக்கூடும். பிள்ளைகளின் வீடுகளைக் குறியிடுதலும் தகாது.

ஆசிரியர் ஒன்றைச் செய்து காட்டியபின், மாணவர் தம் ஊர்க் குளத்தையும் அதன் வாய்க்கால்களையும் குறியிட்டுப் பார்க்கட்டும். அவற்றின் பழங்கதையை வீட்டு மூத்தோரிடம் கேட்டு எழுதட்டும். செய்மதிக்குத் தெரியாத செய்திகள் நம் பாட்டனார் பாட்டிமார் நெஞ்சில் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்தல் நம் கடனாகும்.