சிக்கனச் செலவில் ஒரு போட்டித் துப்பாக்கி

நாவலப்பிட்டியிலிருந்து மலையேறும் புகையிரதம் வட்டவளையைக் கடந்து றொசல்லவை அடையும்போது, இருமருங்கும் தேயிலையின் பசுமை கண்ணை நிறைக்கும். இடையிடையே லயங்களின் தகரக் கூரைகள் தென்படும். கூரையோரத்தில் கொய்யா மரமொன்று இருக்குமாயின், அதன் அடியில் கவணும் கையுமாகச் சிறுவன் ஒருவன் நிற்பதையும் காணலாம். ஒரு கண்ணைச் சுருக்கி, மூச்சை அடக்கி, ரப்பரை இழுத்து விடுகிறான். கிளை நுனியிலிருந்த காய் கீழே விழுகிறது. குறிபார்க்கும் கலைக்கு வேண்டிய கண்ணையும் கையையும் பொறுமையையும் இயற்கை ஏழை, செல்வர் என்று பாராமல் வழங்கியிருக்கின்றது. அக்கலையைப் பயில்வதற்குரிய கருவியோ அவ்வாறு வழங்கப்படவில்லை.

இம்மலைநாட்டிலே துப்பாக்கி நெடுங்காலம் துரைமாரின் உடைமையாகவே இருந்தது. 1900 ஆம் ஆண்டில் உருவாகிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதிற் சேர்ந்தோர் ஐரோப்பியத் துரைமாரே. நாடு சுதந்திரம் பெற்றதற்கு அடுத்த ஆண்டாகிய 1949 இல் அப்படை கலைக்கப்பட்டது. கொழுந்துக் கூடை ஒரு சாராருக்கும் துப்பாக்கி மறு சாராருக்கும் என்று பங்கிடப்பட்டிருந்த காலம் அது.

அக்காலம் மறைந்தது. துப்பாக்கி சுடுதல் இன்று ஆடவரும் மகளிரும் உலக அரங்கிற் போட்டியிடும் ஒரு விளையாட்டு. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் சார்பிலே தெஹானி எகொடவெல என்னும் வீராங்கனை பத்து மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியிற் கலந்துகொண்டார். மலையகத்து மாணவன் ஒருவனோ மாணவி ஒருத்தியோ, "நாங்களும் இதனைப் பயிலலாமா? அதற்குரிய துப்பாக்கியைக் குறைந்த செலவில் அமைத்துக்கொள்ள வழியுண்டா?" என்று கேட்பின், பெற்றோர் என்ன விடை கூறுவர்? அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்றுப்புள்ளி அளவு இலக்கு

துப்பாக்கிப் போட்டிகள் பலவற்றுள்ளும் மாணவர்க்கு ஏற்றது பத்து மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியேயாகும். 1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று விடுபட்டுச் சிறிய ஈயச் சன்னத்தை உந்தித் தள்ளுகின்றது. சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், அதன் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். பத்து மீற்றர்த் தூரமென்றால், பத்தடிக் காம்பராக்கள் மூன்றின் நீளத்தைக் காட்டிலும் சற்றே கூடுதல்.

இத்துணைக் குறுகிய தூரத்திற்கு இவ்வளவு ஆரவாரமா என்று வாசகர்கள் எண்ணலாம். இலக்கின் நடுவே பத்துப் புள்ளிக்குரிய பொட்டு அரை மில்லிமீற்றர் விட்டமே உடையது. இவ்வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் முற்றுப்புள்ளியை எண்ணிக்கொள்ளுங்கள். அதனை மூன்று காம்பராக்களுக்கு அப்பால் நின்று துளைக்க வேண்டும். சன்னத்தின் ஓரம் அப்பொட்டைத் தொட்டாலும் பத்துக் கிடைக்கும். எனவே சன்னத்தின் மையம் இலக்கின் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீற்றருக்குள் விழுதல் வேண்டும். எழுபத்தைந்து நிமிடங்களுள் அறுபது முறை இதனைச் செய்து காட்டுவதே போட்டி. பெரும் போட்டிகளில் பத்தையும் மேலும் நுணுக்கமாகப் பிரித்து 10.9 வரை புள்ளி வழங்குவர்.

பணம் எங்கே செல்லவேண்டும்?

சிக்கனத்திற்குரிய முதல் விதி யாதெனில், தவறு எங்கே பிறக்கின்றதோ அங்கேயே பணம் செல்லவேண்டும் என்பதாகும். முப்பது ஆண்டுப் பழைமையுடைய நல்ல போட்டித் துப்பாக்கியையும் வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சுட்டுப் பார்த்தால், சன்னங்கள் பத்துப் புள்ளிக்குரிய எல்லையை விட்டு விலகுவது அரிது. இடுக்கியிலிருந்து எடுத்து மனிதன் தோளில் வைத்த பின்னரே அவை சிதறுகின்றன. ஆகவே குழலின் புதுமைக்காகப் பெரும்பணம் கொடுப்பது வீண். துப்பாக்கி உடலோடு பொருந்துவதற்கும், கண் நேராக நோக்குவதற்கும் செலவிடுவதே அறிவுடைமை.

குழல், காற்றறை, விசை ஆகியவை தொழிற்சாலையில் ஒருங்கே அமைக்கப்பட வேண்டியவை. இவற்றை வீட்டிலோ பட்டறையிலோ செய்யவும் மாற்றவும் முயலுதல் ஆபத்து, சட்டத்திற்கும் மாறாகலாம். ஜேர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷுட்ஸ், அவுஸ்திரியாவின் ஸ்டையர் ஆகிய பெயர்பெற்ற நிறுவனங்களின் பழைய துப்பாக்கிகளுள் ஒன்றை முழுமையாகப் பெறுவதே சிக்கனம்.

அவ்வாறு பெறும்போது காற்று எவ்வாறு அழுத்தப்படுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பழைய வகையொன்றில், பக்கத்திலுள்ள நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடினால் அந்த ஒரு சூட்டுக்குரிய காற்று சேர்ந்துவிடும். புதிய வகையிலே காற்று உருளையொன்று உண்டு. அதில் 200 பார் வரை அழுத்திக் காற்றை நிரப்புவர். புதிய வகை கைக்கு இலகுவானது. ஆயினும் உருளையில் அதன் காலவெல்லை பொறிக்கப்பட்டிருக்கும். எல்லை கடந்த உருளையைப் போட்டியில் அனுமதியார். அது பாதுகாப்பானதும் அன்று. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய துப்பாக்கிக்குப் புதிய உருளையும், காற்று நிரப்பும் சாதனமும் வாங்க நேர்ந்தால் மலிவு எங்கே போயிற்று? காற்று நிரப்பும் வசதி அருகில் இல்லாத மலைநாட்டு ஊர்களில், பயிற்சிக்கு நெம்புகோல் வகையே உகந்தது. அதன் காற்றடைப்பு வளையங்கள் மட்டும் நாளடைவில் தேய்ந்து கசியக்கூடும். அவற்றைத் தேர்ந்தவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

தோளும் கன்னமும்

துப்பாக்கியின் கட்டை தோளிலே படியவேண்டும். கன்னம் அதன் மீது இயல்பாகச் சாயவேண்டும். கழுத்தை நீட்டியும் தலையைச் சரித்தும் நோக்குபவரின் தசைகள் விரைவிற் களைத்துவிடும். களைத்த தசை நடுங்கும். ஆகவே தோள்தகட்டையும் கன்னப் பலகையையும் ஏற்றி இறக்கக்கூடிய கட்டையைத் தேர்ந்தெடுத்தல் நன்று. அவ்வசதி இல்லையெனின், போட்டி விதிகள் கூறும் அளவுகளுக்குள், தேர்ந்த தச்சர் ஒருவர் கன்னப் பலகையை மரத்திற் செதுக்கித் தந்துவிடுவார். குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது இவ்வேலையே.

அடுத்தது குறிநோக்கி. குழலின் பின்புறத்திலுள்ள ஊசித்துளை போன்ற வட்டத்தினூடே பார்த்தால், முன்புறத்தில் ஒரு வளையம் தெரியும்; அவ்வளையத்தினுள்ளே இலக்கின் கருவட்டம் தெரியும். வட்டத்தினுள் வட்டத்தை நடுவே நிறுத்துவது கண்ணுக்கு இயல்பான செயல். முன்னுக்கும் பின்னுக்கும் இடைத்தூரம் முக்கால் மீற்றர் என்று கொள்வோம். இவ்விரண்டின் நேர் ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்கு பிசகினாலே, இலக்கிற் சன்னம் இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் விலகிப் பத்து போய்விடும். எனவே ஆட்டம் கண்ட, திருகு தளர்ந்த குறிநோக்கியை எவ்வளவு மலிவாயினும் ஏற்றல் கூடாது. சேமிக்கும் பணத்தில் முதற்பங்கு இதற்கே உரியது. தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்துவது இப்போட்டியில் விதிக்கு மாறானதாகையால், அதற்குச் செலவிட வேண்டுவதில்லை. சன்னத்தின் வேகத்தைப் பெருக்கும் கருவிகளும் வேண்டா. கடதாசியைத் துளைப்பதற்கு வேகம் தேவையில்லை.

சன்னங்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். போட்டிக்குரியவை தட்டையான தலையுடையவை; அவை கடதாசியைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டும். ஒரு குழலுக்கு ஒத்த சன்னம் மற்றொரு குழலுக்கு ஒவ்வாது. ஆதலின் சில வகைகளைச் சிறிதளவு பெற்றுச் சுட்டுப் பார்த்து, நெருங்கி விழும் வகையையே தொடர்ந்து வாங்கவேண்டும். ஐந்நூறு சன்னங்கள் கொண்ட டின் ஒன்று எட்டு முழுப் பயிற்சிகளுக்குப் போதும். விலையுயர்ந்த போட்டிக் காற்சட்டையை முதலாண்டில் மறந்துவிடலாம். தட்டையான அடியுள்ள சப்பாத்தும் ஒரு கையுறையும் போதுமானவை.

விற்க நிலம் இல்லாதோர்

இத்தனையும் கூறிய பின்னரும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. உயர்தரமான புதிய போட்டித் துப்பாக்கியொன்று ஐரோப்பாவில் மூவாயிரம் யூரோவைத் தாண்டும். 2021 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்வதற்கே பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு நாணய மாற்றின்படி, அத்துப்பாக்கியின் விலை ஏறத்தாழ எழுநூறு நாட்களின் சம்பளம். பழையதை வாங்கி விலையைப் பாதியாக்கினாலும், ஒரு குடும்பம் தனியே தாங்கக்கூடிய சுமையன்று அது.

சென்னையிற் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங், 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டிலே வெண்கலப் பதக்கம் வென்றவர். அவருக்குத் துப்பாக்கி வாங்குவதற்காகக் குடும்பத்தினர் தமக்கிருந்த காணித் துண்டொன்றை விற்றனர் என்று இந்தியப் பத்திரிகைகள் எழுதின. அத்தியாகம் போற்றுதற்குரியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் வாழ்ந்தும், அதற்கு உறுதிப்பத்திரம் பெறாத நம் குடும்பங்கள் எதனை விற்பது?

நாரங்கின் வரலாறு அத்துடன் முடியவில்லை. தாம் கற்றதைப் பிறரும் கற்கவேண்டுமென்று அவர் பயிற்சிக் கழகமொன்றைத் தோற்றுவித்தார். தமிழ்நாட்டின் கடலூரில் 1999 இற் பிறந்த இளவேனில் வாலறிவன் அக்கழகத்திலே பயிற்சி பெற்றவர். 2019 இல் றியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அவர் தங்கப் பதக்கம் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்குபற்றினார். ஒரு வீட்டின் உடைமையாகத் தொடங்கிய கலை, கழகமொன்று எழுந்தபின் வேறு வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டியது. நமக்குரிய பாடமும் இதுவேயாகும்.

கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் பாடசாலைகள் சிலவற்றிற் காற்றுத் துப்பாக்கிக் குழுக்கள் உள்ளன. அதனை ஹற்றன் பகுதிப் பாடசாலை ஒன்றும் செய்யலாம். பத்து வீடுகள் பத்துத் துப்பாக்கி வாங்க இயலாது. பத்து வீடுகளும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் சேர்ந்தால் ஒன்று வாங்க இயலும். தோள்தகடும் கன்னப் பலகையும் ஏறி இறங்கும் துப்பாக்கி ஒன்றிருந்தால், ஒவ்வொருவரும் தமக்குரிய அளவைக் குறித்துவைத்துத் தத்தம் முறையில் அதனைப் பொருத்திக்கொள்வர். ஒருவர் சுடும்போது ஒருவர் புள்ளி குறிப்பார். மற்றையோர் நிற்கும் நிலையையும் மூச்சையும் பழகுவர். வெற்றுச் சுவரை நோக்கிச் சன்னமின்றிக் குறிபார்த்து விசையை இழுக்கும் பயிற்சி, உலக வீரர்களும் நாள்தோறும் செய்வது. அதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆயினும் சட்டத்தை மறந்து ஓரடியும் வைத்தல் ஆகாது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டமும் பின்வந்த விதிகளும் நடைமுறையில் உள்ளன. துப்பாக்கியை வாங்குமுன், வெளிநாட்டிலிருந்து வரவழைக்குமுன், பாடசாலை அதிபர் மூலமாகப் பொலிஸாரிடமும் தேசியத் துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுச் சம்மேளனத்திடமும் கேட்டறிந்து, எழுத்து மூலமான அனுமதி பெறுதல் வேண்டும். துப்பாக்கி பாடசாலைப் பெட்டகத்திலேயே பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். பயிற்சியாளர் இல்லாதபோது அதனை எவரும் தொடலாகாது. சன்னம் இருப்பினும் இல்லாவிடினும், குழலை மனிதரையோ விலங்கையோ நோக்கித் திருப்பலாகாது. சுடுமிடத்தில் யாவரும் கண்காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். ஈயம் நஞ்சாதலால், சன்னம் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொடவேண்டும்.

மாணவச் செல்வங்களே, முதன்முதலில் நீங்கள் வாங்கவேண்டிய உறுப்பு எது தெரியுமா? ஓர் அப்பியாசக் கொப்பி. இன்று எவ்வாறு நின்றேன், மூச்சு எப்போது அடங்கியது, எந்தச் சூட்டில் மனம் சிதறியது என்பவற்றை நாள்தோறும் அதில் எழுதி வாருங்கள். துப்பாக்கி வருவதற்கு ஓராண்டு ஆகலாம், ஈராண்டும் ஆகலாம். அது வந்து சேரும் நாளில் அதனை ஏந்தத்தக்க தோளும், நடுங்காத மனமும் ஆயத்தமாக இருக்கட்டும். கொய்யா மரத்தடியிலே கவண் ஏந்தி நிற்கும் சிறுவனிடம் கண் இருக்கின்றது, கை இருக்கின்றது. இல்லாத ஒன்றை ஊர் கூடி அளிக்குமாயின், எஞ்சியதை அவன் பார்த்துக்கொள்வான்.