கேக் சுடுகிறீர்களா? கொழுப்பைக் கவனியுங்கள்!

மாலை 4 மணி. சோழபுரத்தில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள். பையைக் கீழே வைக்குமுன், "அம்மா, தின்ன என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் சுண்டல் இருக்கும்; பணியாரம் இருக்கும். இப்போது குக்கரிலேயே கேக் சுடும் தாய்மார்கள் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால், அதில் என்னென்ன போடுகிறோம்?

பக்கத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். அந்த ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது இந்த ஊருக்கே உரியது' என்னும் அரசாங்க முத்திரை அது. பால்கோவாவில் சேருவது என்ன? பாலும் சர்க்கரையும். அவ்வளவுதான்! பால் கெட்டால் கோவா கெட்டது. கேக்கும் அப்படித்தான்.

வனஸ்பதி வேண்டாம்

"வனஸ்பதி மலிவு. கேக் மெத்தென்று வரும்" என்பார்கள். வனஸ்பதி என்பது தாவர எண்ணெய்தான். அதில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்குகிறார்கள். அரைகுறையாகக் கெட்டியாக்கும்போது 'டிரான்ஸ் கொழுப்பு' உண்டாகிறது. இது ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும், நல்லதைக் குறைக்கும். இருதய நோய் வரும்.

இதனால்தான் எண்ணெயிலும் கொழுப்பிலும் இது 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2021-ல் விதி வந்தது. 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் ஆயிற்று.

சட்டம் இருக்கிறதே, பிறகு என்ன பயம்? உறை இல்லாமல் நிறுத்துக் கொடுக்கும் கொழுப்பில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? உறையில் விவரம் அச்சிட்டதையே வாங்குங்கள்.

அந்த வம்பே வேண்டாம் என்றால், வெண்ணெய் போடுங்கள். அதுவும் அளவோடு. கட்டுப்படியாகாதா? கடலை எண்ணெய் போதும். 200 கிராம் மாவுக்கு 100 மில்லி. கடலை வாடை வருமே என்றால், இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடுங்கள்.

பாதிக்குப் பாதி

மைதாவில் கோதுமையின் தவிடும் முளையும் போய்விடுகின்றன. ஆகவே பாதி மைதா, பாதி கோதுமை மாவு. கேக் சற்றுக் கனமாக வரும். பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள். மறுநாள் தட்டைக் காலி செய்வார்கள்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் வாசனையே தனி. ஆனால், சர்க்கரை கலந்த கருப்பட்டியும் சந்தைக்கு வருகிறது. மலிவு என்று அள்ளி வந்து நானே ஒரு முறை ஏமாந்தேன். நல்ல கருப்பட்டியையும் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்து ஊற்றுங்கள். நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரையும் கருப்பட்டியும் ஒன்றுதான்!

பேக்கிங் பவுடர் பழையதா? அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது. சும்மா கிடந்தால் கொட்டிவிடுங்கள்.